தோற்பதில் கெட்டிக்காரர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. பெயர் சொல்லி எழுதினால் அதுவே ஒரு மரியாதை மாதிரி ஆகிவிடும். அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு மனசில்லை. நாங்கள் எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் சாராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

திருவண்ணாமலையில் திண்டிவனம் ரோட்டில் அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். மாடியில் பல் டாக்டர், கீழே நாங்கள். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சாலை விதிப் படங்கள் ஒட்டிய சுவர், வாசலில் எல் போர்டு வைத்த ஒரு வெள்ளைக் கார். போன் எடுப்பது, எல்.எல்.ஆருக்குப் பதிந்து கொடுப்பது, யாருக்கு எப்போது வகுப்பு என்று சொல்வது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மாடிப்படியைக் காட்டுவது, இவ்வளவும் என் வேலை.

ஊரில் அவருக்கு நல்ல பெயர். குரலை உயர்த்த மாட்டார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் வெற்றிலைப் பாக்கு மணக்கும் ஒரு கைக்குட்டை. காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிடுவார். "வண்டி நமக்கு சாமி மாரிம்மா. செருப்புக் காலோட ஏறக் கூடாது" என்பார். புதிதாகச் சேர வருகிறவர்கள் இதைக் கேட்டு உருகிப்போவார்கள். ஒரு டீச்சரம்மா தானும் செருப்பைக் கழற்றப் போக, "நீங்க போட்டுக்குங்கம்மா, நீங்க படிக்கிற புள்ள" என்று தடுத்தார். அந்தம்மா வீட்டுக்குப் போய்த் தெருவெல்லாம் சொல்லி இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டார். செருப்பில்லாத அந்தக் காலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அவர் நிறுத்திவிடலாம். சாருக்கு அதைப் பற்றிப் பேசுவதில் அலாதிப் பிரியம். "ஓட்றவன் டிரைவர் இல்லம்மா. பிரேக் யார் கால்ல இருக்குதோ அவன்தான் டிரைவர்." இதை அவர் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன். ஏதோ வேதாந்தம் போல என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் வேதாந்தத்துக்குப் பஞ்சமா என்ன?

அவர் கிரிவலம் போகிற அழகை ஒரு தடவை பார்க்க வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போவார், தனியாகப் போக மாட்டார். கூடவே நடக்க ஆள் பிடிப்பார். பிடிக்கிற ஆட்களைப் பார்த்தால் ஒருவருக்கு மூட்டுவலி இருக்கும், ஒருவர் சர்க்கரைக்காரர், ஒருத்தர் வயிறு முன்னால் போய்க்கொண்டிருக்கும். அவர்களோடு ஆசையாகப் பேசிக்கொண்டே முக்கால்வாசித் தூரம் நடப்பார். குபேர லிங்கம் தாண்டியதும் மெல்ல நடையைக் கூட்டுவார். அவர்கள் மூச்சு வாங்கி ராஜகோபுரம் வந்து சேரும்போது இவர் கற்பூரம் ஏற்றுகிற இடத்தருகே சுக்கு காபியோடு நின்றுகொண்டிருப்பார். "வாங்க வாங்க, நான் வந்து ரொம்ப நேரமாச்சு" என்பார். ஒரு தடவை எங்கள் பல் டாக்டர் கூட வருவதாகச் சொன்னார். டாக்டர் ஒல்லி, தினம் ஓடுகிறவர். அந்தப் பௌர்ணமிக்கு சாருக்குக் காலில் சுளுக்கு வந்துவிட்டது.

எங்களுக்கெல்லாம் ஒரு ரேஸ் விளையாட்டை அறிமுகப்படுத்தியவரே சார்தான். போனில் ஆடுகிற கார் ரேஸ். "வீட்ல சும்மா இருக்கச்சொல்ல ஆடுங்க, கண்ணும் கையும் பழகும்" என்று ஸ்கூலில் சேருகிற எல்லாரையும் அதைப் போனில் இறக்க வைப்பார். ஸ்கூல் பெயரில் அதற்குள் ஒரு குழுவும் ஆரம்பித்திருந்தார். கியர் போடத் தெரியாதவர்கள், கல்லூரிப் பெண்கள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள் எல்லோரும் சாயங்காலமானால் அதில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜெயிக்க ஜெயிக்க மேல் வகுப்புக்கு ஏற்றும், தோற்கத் தோற்கக் கீழே இறக்கும். பித்தளை, வெள்ளி, தங்கம், வைரம் என்று வகுப்புகள். உங்கள் அளவுக்கு ஓட்டுகிறவர்களைத் தேடிப்பிடித்து உங்களோடு கோத்துவிடும். புதுசுக்குப் புதுசு, பழசுக்குப் பழசு. கோயில் வரிசையில்கூட இல்லாத நியாயம் அந்த போனுக்குள் இருந்தது. தோற்றாலும் ஒரு முழம், அரை முழத்தில்தான் தோற்போம். அடுத்த தடவை ஜெயித்துவிடலாம் என்று தோன்றும்.

சார் உண்மையிலேயே நன்றாக ஓட்டுவார். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வைரம் வரைக்கும் ஏறினவர். ஏறின பிறகு என்ன ஆயிற்று என்றால், அங்கே இவரைப் போலவே ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் சரிபாதியாகப் போயிற்று. அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மேல இருக்கறவன்லாம் வேல வெட்டி இல்லாத பசங்கம்மா. அவனுங்க கூட நமக்கு இன்னா போட்டி?" என்று அந்த ஐடியை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினார். அதன் பெயர் 'புதுமாணவி'. படத்துக்கு ஒரு மல்லிகைச் சரம்.

புதுமாணவி பித்தளை வகுப்பில் எங்கள் மாணவர்களோடு ஓடினாள். எல்லோரையும் தோற்கடித்தாள். ஆனால் தொடர்ந்து ஜெயித்தால் விளையாட்டு அவளை மேலே ஏற்றிவிடுமே? அதற்குத்தான் சார் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் ஆபீஸ் வந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். டீ வரும். டீ டம்ளரில் போனைச் சாய்த்து வைத்து ரேஸைத் தொடங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். கார் நேராகப் போய்ச் சுவரில் முட்டி நிற்கும். எல்லோரும் தாண்டிப் போவார்கள். கடைசி இடம். மறுபடி தொடங்குவார். மறுபடி சுவர். பூசையை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது போல அவ்வளவு பொறுமையாகத் தோற்பார்.

"என்ன சார் இது?" என்று கேட்டேன்.

"காலையில கொஞ்சம் தோத்து வெச்சிக்கணும்மா. அப்பதான் சாயங்காலம் ஆளு கெடைக்கும்."

சொல்லும்போது வெட்கம் எதுவும் இல்லை. மார்க்கெட்டில் நல்ல வெண்டைக்காய் பொறுக்குகிற உபாயத்தைச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார்.

ஒரு நாள் அவருக்கு வெளியே ஒருவரோடு பேச வேண்டியிருந்தது. போனை என்னிடம் நீட்டி, "ஏம்மா, இதக் கொஞ்சம் தோத்துக் குடு" என்றார். நானும் வாங்கிக்கொண்டேன். சும்மா விட்டாலே சுவரில் முட்டிவிடும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு என்ன நேரமோ, கூட ஓடின மூன்று பேரும் முதல் திருப்பத்திலேயே ஒருவர்மேல் ஒருவர் மோதிக் கவிழ்ந்துகிடந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. வண்டியை லேசாகத் திருப்பினேன், அது பாட்டுக்குப் போயிற்று, முதலாவதாக வந்துவிட்டேன். வாணவேடிக்கையெல்லாம் விட்டு, 'வெள்ளி வகுப்புக்கு உயர்ந்துவிட்டீர்கள்' என்று காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். சார் உள்ளே வந்ததும் காட்டினேன்.

அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது? "ஜெயிச்சிட்டியா? எவன் உன்ன ஜெயிக்கச் சொன்னது? அறிவில்ல?" என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். மாடியிலிருந்து பல் டாக்டரின் உதவியாளர் எட்டிப் பார்த்தாள். சார் உடனே சிரித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, வெளையாட்டு" என்றார். பிறகு வெள்ளியிலிருந்து பித்தளைக்கு இறங்க அன்று முழுக்கச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட நேரம் கழித்துத்தான் போனார்.

புதுமாணவி வெறுமனே ஜெயித்துவிட்டுப் போகிறவளும் இல்லை. முடிவுக் கோடு வரைக்கும் எல்லாருக்கும் முன்னால் போவாள், கோட்டைத் தாண்ட மாட்டாள். அதற்குச் சற்று முன்னால் நடு ரோட்டில் பிரேக் போட்டு நிற்பாள். பின்னால் வருகிறவர்களுக்குத் தூரத்தில் ஒரு கார் நிற்பது தெரியும், அதன் பின்னால் சிவப்பு விளக்கு எரிவது தெரியும். வண்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, இன்றைக்கு நாம்தான் முதல் என்று ஆசையாகப் பறந்து வருவார்கள். பக்கத்தில் வந்ததும் அவள் நகர்ந்து கோட்டைத் தாண்டுவாள். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்றை எல்லோருக்கும் அனுப்புவாள். மேசைக்கு அந்தப் பக்கம் சார் அதே மாதிரி சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார். சுக்கு காபி ஞாபகம் எனக்கு வரும்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள்.

அக்கா கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். மாமா ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தார், எல்லோரும் குட்டியானை என்பார்களே, அது. நிலக்கடலை மூட்டை, நெல், காய்கறி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வருவார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். எந்தக் கடைக்காரர் எதை எடுப்பார், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் மாமாவைவிட அவளுக்குத்தான் தெரியும். மாமா திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். வண்டி வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது. மாமாவின் அண்ணன் காரியம் முடிந்த கையோடு சொல்லிவிட்டார். "பொம்பள ஓட்டப் போறாளா இன்னா? தை பொறந்தா வித்துடலாம்." வண்டி போனால் அக்காவுக்குக் கூலி வேலை, இல்லையென்றால் அவர்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டு பேச்சு கேட்பது. தைக்குள் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அக்கா வாய்விட்டுக் கேட்டு அவகாசம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் அவள் வண்டியை எடுத்ததை வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் மாமா பக்கத்தில் உட்கார்ந்தவள் அல்லவா, கியர் மாறுகிற சத்தமே கேட்கவில்லை. பக்கத்து ஊரான ஏந்தல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். அக்கா முகமெல்லாம் சிரிப்பு. சார் முகத்தில் மட்டும் எதுவுமே இல்லை.

"முன்னாடியே பழக்கமாம்மா?"

"இல்ல சார். பாத்ததுதான்."

"ம்" என்றார்.

மறுநாளிலிருந்து அக்காவுக்கு வண்டி ஆஃப் ஆக ஆரம்பித்தது. கிளச்சை விட்டு ஆக்சிலேட்டர் கொடுப்பாள், வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிடும். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான். இன்னும் பதறுவாள், மறுபடி ஆஃப். சார் ஒரு கடுமையான வார்த்தை சொன்னதில்லை. "பரவால்லம்மா, பதறாதீங்க. சில பேருக்குக் கை வரும், கால் வராது" என்பார். அக்கா அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்து என் மேசைக்கு வந்தாலும் அதுதான். "எனக்குக் கை வருதாம்டி, கால்தான் வர்ல." இதைச் சொல்லிக்கொண்டே தன் வலது காலைப் பார்ப்பாள். ஏதோ ஊனமான காலைப் பார்ப்பது போல.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளும் ரேஸ் ஆடுவாள். அங்கே புதுமாணவி காத்திருப்பாள். தினம் தினம் அக்காவைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்துத் தோற்கடிப்பாள். "என்ன மாரியே புதுசா வந்தவ, எவ்ளோ நல்லா ஓட்றா பாரு. எனக்குத்தான் ஒரு எழவும் வர்ல" என்று அக்கா சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. அது சார்தான் என்று போட்டு உடைத்துவிட்டேன். அக்கா கோபப்படுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயே, அந்த ஆளா? மல்லிப்பூ வெச்சிக்கினு? போனாப் போவுது விடுடி. வெளையாட்டுதான?"

விளையாட்டுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். விளையாட்டில் இப்படி இருக்கிறவர் வேறெங்கே எப்படி இருப்பார் என்று யோசிக்கிற புத்தி ரெண்டு பேருக்கும் இல்லை.

கவனித்துப் பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். அவரிடம் வந்தவர்களில் தடுமாறுகிறவர்கள் எல்லோரும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். புளியமரத்தில் போய் இடித்த அந்த டீச்சரம்மாவைக் கூட எப்படியோ தேற்றி டெஸ்ட்டில் பாஸ் பண்ண வைத்தார். அவர்கள் கடைசி வரை அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள், வீட்டில் விசேஷம் என்றால் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். கை நன்றாக ஓடுகிறவர்கள்தான் பாதியில் நின்றுபோனார்கள். கல்லூரிப் பையன் ஒருத்தன், பேங்கில் வேலை செய்த ஒரு பெண். 'எனக்கு இது ஒத்துவராதுங்க' என்று அந்தப் பெண் போனில் என்னிடம் சொன்னபோது குரல் கம்மியிருந்தது.

மார்கழி முடியப் போகிற நேரம். மாமாவின் அண்ணன் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டார். பொங்கல் கழித்து வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அக்கா சாரிடம் கெஞ்சினாள், எப்படியாவது டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று. "இந்த நெலமையில கூட்டிக்கினு போனா ஸ்கூல் பேர் கெட்டுடும்மா. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றார் அவர்.

அன்றைக்கு ஆபீசுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். போனை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். அது விடாமல் அடிக்கவே எடுத்துக்கொண்டு போனேன். காருக்குப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தேன். அக்கா வண்டியைக் கிளப்பினாள். இன்ஜின் சத்தம் சரியாக ஏறியது. சக்கரம் நகர ஆரம்பித்த நேரத்தில் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிட்டது.

அக்கா பயத்தில் பிரேக்கை மிதிக்கிறாள் போல என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவள் தினமும் என்னிடம் சொல்கிற பேச்சு காதில் கேட்டது. 'நான் பிரேக்கத் தொடவே இல்லடி, கால் ஆக்சிலேட்டர்லயே இருக்குது, அப்பவும் ஆஃப் ஆவுது.' மறுபடி கிளப்பினாள். இந்தத் தடவை நான் விளக்கை மட்டும் பார்த்தேன். முதலில் சிவப்பு, அதற்குப் பிறகுதான் குலுக்கல். தடை ஒன்றும் இல்லாத இடத்தில் எரிகிற அந்தச் சிவப்பை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த போன் என் கையில்தான் இருந்தது.

சத்தம் போடாமல் சார் உட்கார்ந்திருந்த பக்கம் போய் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். செருப்பில்லாத கால் பிரேக்கின் மேல் இருந்தது. தூளி ஆட்டுகிறவர்கள் கால் விரலால் மெல்ல அழுத்துவார்களே, அந்த மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு இருந்தால் அந்தப் பதம் வராது, சத்தமும் கேட்கும். முகம் மட்டும் அக்கா பக்கம் திரும்பியிருந்தது. அதில் அப்படி ஒரு கருணை. "பரவால்லம்மா, பதறாதீங்க" என்றார்.

"சார், கால எடுங்க" என்றேன்.

அவர் திடுக்கிட்டதாகக்கூடத் தெரியவில்லை. காலை மெல்ல எடுத்துக்கொண்டார். "நான் பிரேக் போடலன்னா உங்க அக்கா இந்நேரம் எதுலயாவது மோதியிருப்பாங்கம்மா. உயிர காப்பாத்தற கால் இது."

"எதுல சார் மோதுவாங்க? எதிர்ல என்ன இருக்குது?" எதிரில் காலி மனையும், வெகு தூரத்தில் ஒரு மாடும் இருந்தன.

"நல்லா யோசிச்சிப் பாரும்மா. ஒரு ஆளுக்கு இவ்ளோதான்னு பீஸ மொத்தமா வாங்கிடறேன். கிளாஸ் ஜாஸ்தியானா பெட்ரோல் எனக்குத்தான் நஷ்டம். நான் ஏன் இதச் செய்யப்போறேன்?"

அதுதான் விஷயம். அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. அதில் அவருக்குக் கால் காசு லாபம் இல்லை. காசுக்காகச் செய்திருந்தால் திருட்டு என்று ஒரு பெயராவது வைத்துக் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். கைக்காசில் பெட்ரோல் போட்டு, மார்கழிக் குளிரில் விடியற்காலையில் எழுந்து வந்து, புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் காலை முடமாக்கிக்கொண்டிருந்தார் அந்த ஆள். அவள் தோற்ற முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முகம் கிடைக்கத்தான் காலையில் போனில் காரைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார், அந்த முகம் கிடைக்கத்தான் மூட்டுவலிக்காரர்களோடு மலையைச் சுற்றினார்.

அக்கா கீழே இறங்கினாள். அவளுக்குச் சண்டை போட வராது. "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"வண்டி மேல ஒரு பயம் இருக்கணும்மா. பயம் இல்லாதவங்கதான் ஆக்சிடண்ட் பண்றாங்க" என்றார். அப்போதும் அதே குரல்.

போனை பானட்டின் மேல் வைத்துவிட்டு நானும் அக்காவோடு கிளம்பிவிட்டேன். அன்றோடு அந்த வேலையை விட்டேன். பஸ்ஸில் ஊர் நெருங்கும்போது அக்கா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் கால் நல்லாத்தான் இருந்துச்சாடி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் காலையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளி, பேட்டரிக்கு உயிர் வந்து, வண்டி இருமி இருமிக் கிளம்பியது. ஊர்க்களத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செய்தி கேட்டு மாமாவின் அண்ணனும் வந்து வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றார். அக்கா ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு விளக்கைப் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் ஒரே ஒரு பிரேக்தான், அது அவள் காலடியில் இருந்தது. வண்டி நகர்ந்தது. சிவப்பு எரியவில்லை. களத்தின் அந்த முனைக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு தடவை எரிந்தது, அங்கே எரியத்தான் வேண்டும். இரண்டு சுற்று வந்த பிறகு மாமாவின் அண்ணன் அருகில் வந்தார். "டயர்ல காத்து கம்மியா இருக்குது, பாத்துக்க" என்றார். வண்டி வாங்க வரவேண்டியவர் அப்புறம் வரவில்லை. போளூர் ரோட்டில் வேறு ஒரு ஸ்கூலில் சேர்ந்து அக்கா லைசென்ஸ் வாங்கினாள்.

நான் இதையெல்லாம் ஊரில் பலரிடம் சொன்னேன். "அவரா? தங்கமான மனுசனாச்சே! செருப்பு கூட போட்டுக்கினு ஏற மாட்டாரே!" என்றார்கள். டீச்சரம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். புதுமாணவியைப் பற்றி அந்த விளையாட்டுக்குள்ளேயே புகார் கொடுத்தேன். அந்த ஐடியைத் தூக்கிவிட்டார்கள். அதனால் என்ன, இன்னொரு பூப் படம் கிடைக்காமலா போய்விடும் அவருக்கு? வல்லவனோடு மோதித் தோற்பதில் ஒரு மானம் இருக்கிறது. மானத்தோடு தோற்கத் தெரியாதவன்தான் இப்படித் தோற்று வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறான் என்று நினைக்கிறேன். இரக்கப்படலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள், அக்காவோடு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் கத்தரிக்காய் மூட்டைகள். திண்டிவனம் ரோட்டில் ஊருக்குள் நுழைகிற இடத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் எங்களுக்கு நேர் முன்னால் எல் போர்டு வைத்த வெள்ளைக் கார். கிளம்பும், குலுங்கும், நிற்கும். ஓட்டுகிற இடத்தில் ஒரு இளம்பெண், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. மறுபடி அவள் கிளப்பினாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி நின்றது.

அக்கா என்னைப் பார்த்தாள். இன்ஜினை அணைத்தாள். சண்டை போடத் தெரியாத என் அக்கா கதவைத் திறந்து இறங்கி, நடு ரோட்டில் நிதானமாக நடந்துபோய் அந்தப் பெண்ணின் ஜன்னலில் குனிந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏம்மா, உன் கால் இப்ப எதுல இருக்குது?"

அந்தப் பெண் பாதி அழுதுகொண்டிருந்தாள். "ஆக்சிலேட்டர்ல தாங்க்கா. எனக்கு வரவே மாட்டேங்குது. சாரி, சாரி."

"சாரி சொல்லாத. பிரேக்க மிதிச்சியா?"

"இல்லக்கா."

"பின்னால செவப்பு லைட்டு எரியுதே. அப்ப அது யாரு கால்?"

சார் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். பிறகு மெல்ல இடது பக்கம் திரும்பி, கீழே குனிந்தாள். அவள் பார்ப்பதற்குள் அவர் இரண்டு கால்களையும் அவசரமாகத் தூக்கி, பூசைக்கு உட்கார்ந்தவர் மாதிரி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

பின்விளக்கு அணைந்தது.

"இப்ப எடு" என்றாள் அக்கா.

அவள் எடுத்தாள். வண்டி ஆஃப் ஆகவில்லை.